சொன்னவரும் கேட்ட வழியும்: ஈட்டில் பூர்வர் நிர்வாகங்கள்

ஈடு முப்பத்தாறாயிரப்படியில் ஒரு திருவாய்மொழியளவேனும் ஊன்றிக் கற்றவர்கள், அவ்வியாக்கியானம் தன் பொருளை உரைக்கும்போது காட்டும் விரைவைப் பிறர் பொருளை எடுத்துரைக்கும்போது காட்டுவதில்லை என்பதை அறிவர். பாசுரத்தின் சொல்லுக்குப் பொருள் சொல்லிச் செல்கையில் ஓட்டமாகச் செல்லும் நடை, பூர்வாசார்யர் ஒருவர் திருநாமம் வந்தவுடன் நின்று விடுகிறது. பட்டர் அருளிச்செய்யும்படி, நஞ்சீயர் அருளிச்செய்யும்படி, எம்பார் நிர்வாகம், பிள்ளை திருநறையூரரையர் வார்த்தை என்று அவரவர் கருத்து அவரவர் பெயரோடு வைக்கப்படுகிறது. ஒரே சொல்லுக்கு இருவர் இருவிதமாகப் பொருள் பணித்திருந்தால் இரண்டும் வைக்கப்படுகின்றன. சொல்லப்பட்ட சூழ்நிலை நினைவிலிருந்தால் அதுவும் உடன் வருகிறது.

இதனை வெறும் மரியாதை என்று கொள்வது வழக்கம். மரியாதை உண்டு என்பதில் ஐயமில்லை. ஆயினும் மரியாதை மட்டும் நோக்கமாயிருந்தால் பெயரைச் சொன்னாலே போதும். கேட்ட வழியைச் சொல்ல வேண்டியதில்லை. ஆளவந்தாருடைய பொருளை ஈடு எடுக்கும் இடங்களை நோக்கினால் இது விளங்கும். ஆளவந்தாருக்கு 'அருளிச்செய்தாராக' என்னும் கேள்வி வடிவமும், அதனைத் தம் காலத்தவர்க்குச் சொன்ன திருமாலையாண்டானுக்குப் 'பணிக்கும்' என்னும் நேர் வடிவமும் அமைகின்றன. 'ஆக' என்ற அந்தச் சிறு ஈறு கற்பவர் கண்ணில் எளிதில் படாது. அதன் பொருளோ பெரிது: ஆளவந்தாரிடம் உரைகாரர் நேரே கேட்கவில்லை; கேட்டவர் ஆண்டான்; ஆண்டான் சொன்னதே இங்குக் கிடைத்திருப்பது. ஒரு கருத்துக்கு உடையவர் யார், அதனைச் சுமந்து வந்தவர் யார் என்ற வேறுபாட்டை ஒரு வினைவடிவத்திலேயே உரை காத்து வைத்திருக்கிறது.

தமிழ் உரைமரபின் மற்றொரு கிளையோடு இதனை ஒப்பிடலாம். தாமிரபரணியின் கீழ்ப்பகுதியில், ஆழ்வார்திருநகரியிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத ஆற்றூரைச் சேர்ந்தவர் என்று சொல்லப்படும் சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை வகுத்தபோது, தமக்கு முற்பட்ட இளம்பூரணரைப் பலவிடங்களில் மறுத்தார். அவ்விடங்களில் இளம்பூரணர் என்ற பெயர் வருவதில்லை. 'உரையாசிரியர்' என்ற சிறப்புப் பெயரே வரும். நச்சினார்க்கினியர் நடையும் இதுவே. திருக்குறளுக்கு உரை செய்த பரிமேலழகர் அவ்வளவும் சொல்வதில்லை. இவ்வாறு உரைப்பாரும் உளர் என்று காட்டி, அது பொருந்தாமைக்குக் காரணம் சொல்லி அப்பால் செல்வார். மறுக்கப்பட்டவர் மணக்குடவரா காலிங்கரா என்பதைப் பிற்காலத்தார் உரைகளை ஒப்பிட்டு அறிய வேண்டியிருக்கிறது. இலக்கண உரைகளில் பிறர் கருத்து பெரும்பாலும் விலக்குவதற்காகவே எடுக்கப்படுகிறது. விலக்குவதைப் பெயர் சுட்டாமல் செய்வது அங்கே நாகரிகம். ஈட்டில் பிறர் கருத்து கொள்வதற்காக எடுக்கப்படுகிறது. ஆகவே பெயர் இன்றியமையாததாகிறது. பெயர் சுட்டாமல், சொல்லுவாரும் உண்டு என்ற அளவில் நிறுத்தும் இடங்கள் ஈட்டிலும் இல்லாமல் இல்லை. அத்தகைய இடங்களில் ஜீயர் அரும்பதமும் அடையவளைந்தான் அரும்பதவுரையும் கற்பவர்க்குத் துணை.

இம்முறையின் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதைத் திருவாய்மொழி இரண்டாம் பத்து மூன்றாம் திருவாய்மொழியின் மூன்றாம் பாசுரத்தில் காணலாம். எம்பெருமானார் திருவாய்மொழிக்குப் பொருள் கேட்டது திருமாலையாண்டானிடம். திருக்கோட்டியூர் நம்பியே இவ்விருவரையும் சேர்த்து வைத்தார் என்பது குருபரம்பரை. ஆளவந்தாரிடம் தாம் கேட்டபடியே ஆண்டான் பொருள் சொல்லி வர, சிற்சில இடங்களில் எம்பெருமானார் வேறு பொருள் தோன்றுவதாக விண்ணப்பம் செய்து வந்தார். ஆளவந்தாரிடம் கேளாத பொருள் இது, விசுவாமித்திர சிருஷ்டி என்று ஆண்டான் சொல்லி வந்தார். மேற்சொன்ன பாசுரத்தில் வேறுபாடு முற்றியது. அறிவு பிறவாத இளம்பருவத்திலேயே அடிமையில் அன்பை உண்டாக்கிய நீயே பின்னர் அறியாமை சூழ்ந்த இவ்வுடலோடு என்னை வைத்தாயே என்று ஆழ்வார் வருந்துவதாக ஆண்டான் பணித்தார். எம்பெருமானார் முன்னும் பின்னும் உள்ள பாசுரங்களை நோக்கினார். அத்திருவாய்மொழி முழுவதும் பெற்ற பேற்றை நினைந்து உகக்கும் பதிகம். நடுவில் ஒரு பாசுரம் மட்டும் வெறுப்பாக இருப்பது சேராது. சொற்களைக் கூட்டும் முறையை மாற்றி, அறியாமையில் அழுந்திக் கிடந்த என்னை அக்காலத்திலேயே அடிமையில் அன்புடையவனாக்கினாயே என்று உபகாரத்தை நினைந்து ஈடுபடும் பாசுரமாக்கினார்.

ஆண்டான் உரை சொல்வதை நிறுத்திவிட்டார். செய்தி திருக்கோட்டியூர் நம்பிக்கு எட்டியது. நம்பி திருவரங்கத்துக்கு எழுந்தருளி நடந்ததைக் கேட்டு, எம்பெருமானார் சொன்ன பொருளை ஆளவந்தார் அருளிச்செய்யத் தாம் கேட்டதுண்டு என்றார். கண்ணன் சாந்தீபினியிடம் ஓதினாற்போன்றதே எம்பெருமானார் ஆண்டானிடம் கேட்பது என்றும், ஆளவந்தார் திருவுள்ளத்தில் இல்லாத பொருள் அவர்க்குத் தோன்றாது என்றும் சொல்லி மீண்டும் தொடங்கச் செய்தார். பிறிதொரு சமயம் ஆளவந்தாரைச் சேவியாத உமக்கு அவர் கருத்து எப்படித் தெரியும் என்று ஆண்டான் வினவ, அடியேன் ஆளவந்தார்க்கு ஏகலவ்யன் அன்றோ என்று எம்பெருமானார் விடை சொன்னார் என்பதும் பரம்பரையில் வழங்குவது. ஆளவந்தாரின் சரம திருமேனியை மட்டுமே எம்பெருமானார் காண நேர்ந்தது என்பதை நினைத்தால் அந்த விடையின் கனம் புலப்படும்.

இவ்வைதிகம் உபந்யாசங்களில் எம்பெருமானாரின் பெருமைக்காகவே சொல்லப்படுகிறது. உரைவரலாற்றை நோக்குவார்க்கு இதில் வேறொரு செய்தி உண்டு. ஆண்டான் பொய் சொல்லவில்லை. அவர் கேட்டது அதுவே. நம்பியும் கேட்டதையே சொன்னார். அப்படியாயின் ஆளவந்தார் ஒரே பாசுரத்துக்கு ஒருவர்க்கு ஒரு பொருளும் மற்றொருவர்க்கு மற்றொரு பொருளும் அருளிச்செய்திருக்கிறார். காலமும் கேட்பாரும் மாறப் பொருளும் மாறியிருக்கலாம். ஆகவே 'ஆளவந்தார் கருத்து' என்று மட்டும் ஒருவர் எழுதினால் அது இப்பாசுரத்தில் எதையும் குறிக்காது. யார் வழியாகக் கேட்ட ஆளவந்தார் கருத்து என்று சொன்னால்தான் குறிக்கும். ஈடு இவ்விடத்தில் ஆண்டான் வழியாக வந்த பொருளை முதலில் வைத்து, எம்பெருமானார் பொருளைப் பின்னர் வைத்து, முன்பின் பாசுரங்களோடு சேரும் இயைபைக் காட்டுகிறது. எது சிறந்தது என்பது கற்பவர்க்குத் தெரிந்துவிடுகிறது. ஆனால் முதற்பொருள் அழிக்கப்படவில்லை. எம்பெருமானாரின் பொருளே நிலைபெற்ற பின்பும், அவர் திருவடி பணிந்த உரைகாரர்களே ஆண்டானின் பொருளை ஓலையில் எழுதி வைத்தார்கள்.

எல்லா வியாக்கியானங்களும் இப்படிச் செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எம்பெருமானார் நியமனத்தால் திருக்குருகைப்பிரான் பிள்ளான் அருளிச்செய்த ஆறாயிரப்படி சுருங்கிய நடையது. பூர்வர்களின் வார்த்தைகளைப் பெயரிட்டு எடுப்பது பெரும்பாலும் அதன் போக்கன்று. நஞ்சீயரின் ஒன்பதினாயிரப்படியின் வரலாறு இன்னும் விசித்திரமானது. நஞ்சீயர் தாம் எழுதியதைப் படியெடுக்க நம்பூர் வரதராசரிடம் கொடுத்தார். அவர் காவிரியைக் கடக்கையில் வெள்ளம் ஓலைக்கட்டைக் கொண்டு போயிற்று. கேட்டிருந்ததை நினைவிலிருந்து மீண்டும் எழுதினார். எழுதுகையில் தமக்குத் தோன்றிய சிறப்புப் பொருள்களும் உடன் சேர்ந்தன. நஞ்சீயர் அதனைக் கண்டு, தாம் எழுதியதற்கு மேல் அழகாயிருக்கக் கண்டு உகந்து, நடந்ததைக் கேட்டறிந்து, 'நம்பிள்ளை' என்று அணைத்துக்கொண்டார். நூல் நஞ்சீயர் பெயராலேயே வழங்குகிறது. நூலுக்குள் எது ஆசிரியருடையது, எது சீடருடையது என்று பிரிக்க எந்த அடையாளமும் இல்லை. ஆனால் அந்தக் கலப்பை மறைக்காமல் ஒரு வரலாறாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். நூலுக்குள் குறிக்க முடியாமற்போன கடனை நூலுக்கு வெளியே குறித்த முறை இது.

அந்த நம்பிள்ளையின் காலட்சேபமே ஈடாக ஏடுபட்டது. பகலில் கேட்டதை வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதி வைத்தார். நம்பிள்ளை கேட்டுப் பார்த்து உகந்தாலும், நியமனமின்றி எழுதப்பட்டது என்பதனால் அவ்வேட்டைத் தாம் வாங்கி வைத்துக்கொண்டு, பின்னர் ஈயுண்ணி மாதவப் பெருமாளுக்குக் கொடுத்தருளினார். அவரிடமிருந்து அவர் திருக்குமாரர் பத்மநாபப் பெருமாளுக்கும், அங்கிருந்து நாலூர்ப் பிள்ளைக்கும், அவர் திருக்குமாரர் நாலூராச்சான் பிள்ளைக்கும் அது சென்றது. நூற்றாண்டுக்கு மேலாக ஒரே இழையில் தொங்கிய நூல் அது. பிறர் கூற்றுகளை அவ்வளவு கவனமாகப் பெயரிட்டுக் காத்த வியாக்கியானம் தானே ஒருவர் கையிலிருந்து ஒருவர் கைக்கு மட்டும் மாறி வந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

அதனைத் தெற்கே கொண்டு வந்தவர் திருவாய்மொழிப் பிள்ளை. பதினான்காம் நூற்றாண்டின் படையெடுப்புகளால் நம்மாழ்வார் திருமேனியும் இடம்பெயர்ந்து, குருகூர் காடு மண்டிக் கிடந்தது. அதனைச் சீர்திருத்தி ஆழ்வாரை மீண்டும் எழுந்தருளப் பண்ணிய திருவாய்மொழிப் பிள்ளை, ஈட்டைக் கேட்பதற்காகவே வடக்கே காஞ்சிக்கு எழுந்தருளினார். பேரருளாளன் நியமனத்தால் நாலூர்ப் பிள்ளை இசைந்து, தம் முதுமையினால் நாலூராச்சான் பிள்ளையிடம் கேட்கும்படி செய்தார். திருநாராயணபுரத்து ஆயும் உடன் கேட்டவர்களுள் ஒருவர்.

காஞ்சிக்கும் குருகூருக்கும் இடையே மதுரைக்குத் தெற்கில் கிடப்பது கரிசற்காடு. சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு என்று இன்று நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் செல்லும் அந்தப் பரப்பு, வைப்பாற்றைத் தவிர்த்தால் பேராறு எதுவும் அற்றது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்தால் கால் பதித்த இடத்தில் மண் ஒட்டிக்கொண்டு வரும். வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். தாமிரபரணிக் கரையில் நவதிருப்பதிகள் நெருங்கி நிற்க, கரிசலின் வடமேற்கு விளிம்பில் ஸ்ரீவில்லிபுத்தூரும் திருத்தண்காலும் நிற்க, நடுவில் ஆழ்வார் பாடல் பெற்ற தலம் இல்லை. பருத்தியும் கம்பும் விளைந்த அந்நிலத்தில் உரைகள் பிறக்கவில்லை. ஆனால் பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடிய ஊருக்கும் நம்மாழ்வார் அவதரித்த ஊருக்கும் இடையே உரைகளும் உரைகாரர்களும் போய்வந்த நிலம் அதுவே. பின்னாளில் நாயக்கர் ஆட்சியில் அங்கே வந்து குடியேறிய தெலுங்கு பேசும் குடிகளிற் பலர் திருமண் தரித்தவர்கள். வீட்டில் தெலுங்கும் வழிபாட்டில் ஆழ்வார்களின் தமிழுமாக வாழ்ந்தவர்கள்.

திருவாய்மொழிப் பிள்ளையின் திருவடிகளில் ஈட்டைக் கேட்டவர் மணவாள மாமுனிகள் (1370 - 1444). பூர்வர் கூற்றுகளைச் சுட்டும் முறையை ஓர் ஒழுக்கமாகவே ஆக்கியவர் அவர். ஈட்டில் வடமொழி மேற்கோள்கள் பெரும்பாலும் தொடக்கச் சொற்களால் மட்டும் சுட்டப்பட்டிருக்கும். கேட்பவர்க்கு ராமாயணமும் விஷ்ணுபுராணமும் உபநிடதங்களும் மனப்பாடமாயிருந்த காலத்து முறை அது. அப்படியில்லாத தலைமுறை வந்தபோது ஒவ்வொரு மேற்கோளையும் அதன் இருப்பிடத்தில் தேடி முழுமையாக எடுத்துத் தொகுத்து ஈட்டுப் பிரமாணத்திரட்டு அருளிச்செய்தார். புதுப்பொருள் எதுவும் சொல்லாத அந்நூலைப் போற்றிப் பேசுவார் குறைவு. ஈட்டின் வார்த்தையை அதன் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கக் கற்பவர்க்கு உரிமை தந்தது அதுவே. உபதேசரத்தினமாலையில் திருவாய்மொழியின் ஐந்து வியாக்கியானங்களையும் அருளிச்செய்தவர்களின் பெயர்களோடு நிரல்படுத்தினார். ஈடு கைமாறி வந்த வழியையும் அதிலேயே சொல்லி வைத்தார். முன்னோரிடம் கேளாமல் தம் நெஞ்சில் தோன்றியதைச் சொல்லி, இது பரம்பரையில் வந்த பொருள் என்பாரை அந்நூலின் முடிவில் கடிந்தும் பேசுகிறார். தோன்றியதைச் சொல்வதைக் காட்டிலும், அதன்மேல் முன்னோர் பெயரை ஏற்றுவதே அங்குக் குற்றமாகிறது. எம்பெருமானார் தோன்றியதைச் சொன்னார். ஆனால் ஆண்டான் சொன்னதாகச் சொல்லவில்லை.

ஆசார்யஹ்ருதயத்துக்கு வியாக்கியானம் அருளிச்செய்கையில் 22ஆம் சூத்திரத்தில் மாமுனிகளுக்கு ஐயம் நேர்ந்தது. அதன் பொருளை அறிந்தவர் திருநாராயணபுரத்து ஆய் என்று எண்ணி, அவரைச் சேவிக்கக் குருகூரிலிருந்து புறப்பட்டார். ஊரெல்லையிலேயே எதிரே ஆய் எழுந்தருளக் கண்டார் என்பது வரலாறு. ஆயிடம் ஆசார்யஹ்ருதயப் பொருளைக் கேட்டுத் தெளிந்த பின்னரே உரை தொடர்ந்தது. உரை வல்லமையில் தமக்கு ஒப்பாருமில்லை என்று உலகம் சொல்லிய ஒருவர், ஒரு சூத்திரத்துக்காக மேல்கோட்டை வரை நடக்கத் துணிந்தார். எதிரே வந்தவரோ அந்த வழி முழுவதையும் கடந்தே வந்திருந்தார்.

பின்னர் மாமுனிகள் திருவரங்கத்துக்கு எழுந்தருளினார். வழியில் ஸ்ரீவில்லிபுத்தூரையும் திருமாலிருஞ்சோலையையும் சேவித்தார் என்று வரலாறு கூறும். குருகூரிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கோவில்பட்டி வழியாகச் சென்றாலும் சங்கரன்கோவில் வழியாகச் சென்றாலும் கரிசலின் ஒரு பகுதியையேனும் கடக்காமல் இயலாது. திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே 1432-33இல், பரிதாபி ஆண்டு ஆவணி தொடங்கிப் பிரமாதீச ஆண்டு ஆனி மூலம் வரை ஈட்டுக் காலட்சேபம் நடந்தேறியது.

அச்சுக் காலம் வந்தபின் ஈடு எல்லார் கைக்கும் எட்டியது. பி.ரா. புருஷோத்தம நாயுடு செய்த ஈட்டின் தமிழாக்கத்தைச் சென்னைப் பல்கலைக்கழகம் பல தொகுதிகளாக வெளியிட்ட பின், மணிப்பிரவாள நடை பழகாதவர்களும் அதனுள் புக முடிந்தது. மடமோ காலட்சேப கோஷ்டியோ அருகில் இல்லாத கோவில்பட்டிப் பக்கத்துச் சிற்றூர்களில் இருப்பவர்க்கு ஆசார்யன் இருந்த இடத்தில் இன்று புத்தகம் இருக்கிறது. அதனாலேயே புத்தகம் எழுதுவோரின் பொறுப்பு கூடுகிறது. பாசுர விளக்கமாக வெளிவரும் சுருக்க நூல்களிற் பலவற்றில், பட்டர் நிர்வாகமும் பிள்ளான் நிர்வாகமும் நம்பிள்ளையின் தனிக்கருத்தும் 'பூர்வாசார்யர்கள் அருளிச்செய்வர்' என்ற ஒரே தொடருக்குள் அடங்கிவிடுகின்றன. இடம் மிச்சமாகிறது, நடையும் எளிதாகிறது. ஆனால் இரண்டாம் பத்தின் அந்தப் பாசுரத்தை இம்முறையில் எழுதிப் பார்த்தால் நேர்வது தெரியும். எம்பெருமானார் பொருளை மட்டும் பொதுப்பெயரில் எழுதினால், ஆண்டான் கேட்டு வைத்த ஆளவந்தாரின் வார்த்தை மறைகிறது. இரண்டையும் பொதுப்பெயரில் எழுதினால் பூர்வர்கள் முன்னுக்குப்பின் முரணாகப் பேசினார்கள் என்றாகிறது. உபந்யாசத்தில் கேட்டதை இன்னார் சொல்லக் கேட்டது என்று குறிக்காமல் பூர்வர் வார்த்தையாகவே அச்சிடுவது இதனினும் இடர் மிக்கது. ஆராயப் புகுபவர் அவ்வார்த்தையைப் படிகள் ஐந்திலும் தேடிக் காணாமல், மரபின்மேலேயே ஐயுறுவார்.

மாமுனிகள் இவ்வகையில் காட்டிய எல்லை பெரியாழ்வார் திருமொழி வியாக்கியானத்தில் இருக்கிறது. நாலாயிரத்துக்கும் வியாக்கியானம் அருளிச்செய்தவர் பெரியவாச்சான் பிள்ளை. அவற்றுள் பெரியாழ்வார் திருமொழிக்கான உரையில் ஏறக்குறைய 400 பாசுரங்களுக்கு உரிய பகுதி செல்லரித்து மறைந்தது. மாமுனிகள் அக்குறையை நிரப்பப் புகுந்தார். முழு நூலுக்கும் தாமே எழுதியிருக்கலாம்; எழுதியிருந்தால் குறை சொல்வார் எவருமில்லை. அவரோ தொலைந்த பகுதிக்கு மட்டும் எழுதிக்கொண்டு வந்து, பிள்ளையின் ஏடு எந்த இடத்தில் எஞ்சியிருந்ததோ அந்த இடத்தோடு எழுத்தாணியை நிறுத்திவிட்டார்.